கடைசி ஆப்பிள்

நிலவறையிலிருந்து ராதிம் ஒரு வாளி அழுகிய ஆப்பிளோடு மேலே வந்தான்.

"எத்தனை போச்சு?" என்றாள் அவன் மனைவி லென்கா.

"நாற்பது. இன்னும் அறுபது இருக்கு."

"உருளைக்கிழங்கு பக்கத்துல வைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று விருந்து முடிந்ததும் மாமியார் விலாஸ்தா, வீட்டு மரத்து ஆப்பிளைக் குறுக்கே வெட்டுவாள். நடுவில் விதைகள் நட்சத்திரமாகத் தெரிந்தால் வருஷம் முழுக்க ஆரோக்கியம். கறுத்திருந்தால் யாரோ படுக்கையில் விழப்போகிறார்கள். போன வருஷம் கறுத்திருந்தது. "அது நான்தான்" என்று சொல்லி விலாஸ்தா இவர்கள் கட்டிலிலேயே படுத்தாள். ஈஸ்டர் வரை எழுந்திருக்கவில்லை. ராதிம் நான்கு மாதம் சோபாவில் தூங்கினான்.

அறுபதையும் பரணில் ஏற்றினான். பனி கொட்டிய வாரத்தில் பாதி கல்லாக உறைந்து, பிறகு கூழானது. மிச்சத்தைத் துணி அலமாரியில் வைக்கோல் பரப்பி அடுக்கினான். அறைச் சூட்டில் அவை சுருங்கிப் புளித்தன.

"என் கோட்டு நாறுது. நான் குடிச்சிட்டு வர்றேன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க."

"ஒண்ணு தேறினா போதும் லென்கா."

ஏழு தேறின. குளியலறை ஜன்னலில் குளிராக வைத்தான். பண்டிகை அன்று காலையில் காற்றடித்து ஜன்னல் திறந்து, ஏழும் தொட்டி விளிம்பில் மோதிச் சிதறின. விருந்துக்குச் சமைக்க உயிரோடு வாங்கித் தொட்டியில் விட்டிருந்த கெண்டை மீன்கூட அவற்றைத் தொடவில்லை.

ராதிம் கடைக்கு ஓடினான். ஒரு சிவப்பு ஆப்பிள் வாங்கி, ஸ்டிக்கரை உரித்துத் தட்டில் வைத்தான்.

மாலையில் விலாஸ்தா வந்தாள். கூடவே மாமனார் போஹுஷ். வழக்கம்போல வாயே திறக்காமல் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

விருந்து முடிந்தது. விலாஸ்தா கத்தியை எடுத்தாள்.

"உங்க மரத்துப் பழம்தானே? கடைப் பழத்துக்குப் பலன் கிடையாது."

"சத்தியமா நம்ம மரந்தான் அத்தை."

வெட்டினாள். நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பொந்து.

ராதிம் குனிந்து பார்த்தான். கடையில் வாங்கிய பழம். பளபளவென்று இருந்த பழம்.

"காலையிலேயே இடுப்பு சொல்லிச்சு," என்று விலாஸ்தா எழுந்தாள். "லென்கா, என் படுக்கையைப் போடு."

போஹுஷ் மட்டும் ஊருக்குக் கிளம்பினார். ராதிம் வாசல்வரை போனான். அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சிவப்பு ஆப்பிளை எடுத்து ஒரு கடி கடித்தார்.

"ஸ்டிக்கர் பசையைத் துடைச்சிருக்கணும் மாப்பிள்ளை. பழம் நல்லா இருக்கு. போன வருஷம் மாதிரியே ஈஸ்டருக்கு வந்து அவளைக் கூட்டிட்டுப் போறேன்."