மாப்பிள்ளை அடித்த ஒன்பது பந்து

ஆறாங்கட்டைத் தோட்டம்,
லாபு.
12-8-1953

மதிப்புக்குரிய அத்தான் நல்லசாமி அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் திருநாவுக்கரசு வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் என் வலது முழங்காலும் இடது தோளும் நீங்கலாக யாவரும் நலம். அவ்விடம் தாங்களும் அக்கா ராக்கம்மாளும் பிள்ளைகளும் எல்லா உறுப்புகளுடனும் நலமாக இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

நிற்க. என் மகள் செல்லத்துக்குத் தாங்கள் பார்த்துச் சொன்ன பதினாலாங்கட்டைத் தோட்டத்துப் பையன் ராமகிருஷ்ணன் விஷயமாக, ஆவணி பிறப்பதற்குள் முடிவு சொல்லும்படி மூன்று கடிதம் போட்டிருந்தீர்கள். முடிவு இதுதான். வேண்டாம். பையன் நமக்குச் சரிப்பட மாட்டான். தாங்கள் கோபப்படாமல் கடைசி வரை படிக்க வேண்டும், ஏனென்றால் நான் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு இதை எழுதவில்லை, இரண்டு கோல் கம்பத்துக்கும் நடுவில் நின்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்த அவசரகாலத்தில் தோட்டத்துக் கம்பி வேலியைத் தாண்டுவதற்கே போலீசுக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை பார்க்க என்று எழுதினால் துரை லாரி தரமாட்டார். பந்தாட்டம் என்றால் தருவார், தொழிலாளர் மனம் தளராமல் இருக்க விளையாட்டு நல்லது என்று மேலிடத்திலிருந்து அவருக்குத் தாள் வந்திருக்கிறது, அதை ஃபைலில் கோத்து வைத்தவனே நான்தான். பையனோ அவர்கள் தோட்டத்து டீமில் சென்டர் ஃபார்வர்ட். நானோ எங்கள் பந்தாட்டச் சங்கத்துக்குச் செயலாளர், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக என் தலையில் கட்டிய பதவி. அதனால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் இடத்துக்கே வந்து ஆடுகிறோம் என்று அவர்களுக்கு எழுதிப் போட்டேன். பெண்ணின் அப்பன் வருகிறான் என்று தெரிந்தால் எந்தப் பையனும் அன்றைக்கு மட்டும் நல்ல பையனாக இருப்பான், தெரியாமல் பார்த்தால்தான் சுபாவம் வெளியே வரும் என்பது என் கணக்கு. ஆகவே இந்த ரகசியம் எனக்கும் என் சம்சாரம் வள்ளியம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

பயணத்துக்கு நான் போட்ட திட்டத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். துரைக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று என்று நான்கு பிரதி. ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் அடையாளக் கார்டு நம்பர். ஏழரைக்குக் கேட், பத்தரைக்குப் பதினாலாங்கட்டை, பன்னிரண்டுக்கு ரப்பர் மர நிழலில் சாப்பாடு, இரண்டுக்கு ஆட்டம், ஊரடங்கு ஏழு மணிக்கென்பதால் ஆறரைக்கு வீடு. பதினொரு ஆட்டக்காரர், உபரியாக இரண்டு பேர், டிரைவர் குலாம் முகம்மது, நான், ஆகப் பதினைந்து பேர் என்று புதன்கிழமை எழுதினேன். வியாழக்கிழமை அது இருபத்திரண்டு ஆனது, சனிக்கிழமை முப்பத்தொன்று. போர்டிக்சன் சாலை என்ற சொல் காதில் விழுந்ததுமே தோட்டம் முழுக்கக் கடல் பார்க்கக் கிளம்பிவிட்டது. பதினாலாங்கட்டையிலிருந்து கடலுக்கு இன்னும் ஆறு கட்டை, முழுசாக ஆறு மைல் இருக்கிறது, வழியில் எங்கேயும் இறங்க அனுமதி இல்லை என்று வாய் வலிக்கச் சொன்னேன், யார் கேட்டார்கள்? ஒவ்வொரு ஆள் கூடும்போதும் நான்கு பிரதியையும் திரும்ப அடித்து, கார்பன் தாள் தேய்ந்து, கடைசியில் நான்காவது பிரதியில் ஒருவர் பெயரும் தெரியவில்லை. அதுதான் போலீசுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியடிக்குப் போனால் பெண்கள் பத்துப் பேர் பட்டுச் சேலையில் நிற்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் மங்கம்மா தலை நிறையப் பூ வைத்து, கையில் வெற்றிலைத் தட்டு வேறு வைத்திருந்தாள்.

"பந்தாட்டம் பாக்க எதுக்கு மங்கம்மா பட்டுச் சேலை?" என்றேன்.

"ஊரு விட்டு ஊரு போறோம், கிழிஞ்சதக் கட்டிக்கிட்டா போவாங்க கிராணியாரே? நம்ம தோட்டத்து மானம் என்னாவறது லா?"

"வெத்தல?"

"கோல் விழுந்தா போடுறதுக்கு" என்றாள். எங்கள் ஆட்கள் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கே உற்சாகம் வந்துவிட்டது.

கேட்டில்தான் முதல் இடி. லாரியில் ஐம்பது பொட்டலம் தேங்காய்ச் சோறும் கோழிக் குழம்பும் இருந்தன, ஒவ்வொரு வீடும் தன் ரேஷன் அரிசியில் கொஞ்சம் போட்டு வள்ளியம்மா தலைமையில் சமைத்தது. கேட்டில் நின்ற மலாய்க் காப்ரல் ஒரு பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "நாசி தா போலே, கிராணி" என்றான். சோறு வெளியே போகக் கூடாதாம். காட்டுக்குள் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசி, ஒரு பருக்கை சோறு வேலியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். எந்தச் சட்டம் என்று நான் அதட்டினேன். அவன் கேட் கம்பத்தில் ஒட்டியிருந்த தமிழ் நோட்டீசைக் காட்டினான். அத்தான், அது நான் எழுதியது. மூன்று மாதத்துக்கு முன் நானே மொழிபெயர்த்து, நானே கையெழுத்துப் போட்டு, நானே பசை தடவி ஒட்டியது. நான்கு பிரதித் திட்டம் போட்டவனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

முப்பது பேரும் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். வள்ளியம்மாதான் லாரியிலிருந்து தலையை நீட்டி, "பொட்டலத்துல போவக் கூடாது, சரி. வயித்துல போலாமா, கேட்டுச் சொல்லுங்க" என்றாள். காப்ரல் நோட்டீசை மேலும் கீழும் பார்த்தான். வயிற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உடனே எல்லோரும் கேட்டுக்கு உள்பக்கமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலைப் பசியாறி அரை மணி ஆவதற்குள் மதியச் சாப்பாட்டையும் முடித்தார்கள். ரேஷன் அரிசியை வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஆட்டக்காரர்கள் ஆளுக்கு இரண்டு பொட்டலம். எங்கள் கோல்கீப்பர் முனியாண்டி மூன்று, அவன் பெரிய உடம்பு. கோழி அறுத்தது குலாம் முகம்மதுதான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு காப்ரலும் ஒன்றைப் பிரித்தான். பிறகு ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து லாரியில் ஏற்றினோம்.

அது இரும்புத் தகடு அடித்த லாரி, சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகம். லோபாக்கில் தங்கள் வீட்டைத் தாண்டும்போது அக்கா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்த அனுமதி இல்லாததால் எல்லோருமாகத் துப்பாக்கி ஓட்டை வழியாக "அக்கா!" என்று கூப்பிட்டோம். அவள் துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அது நாங்கள்தான் என்று தயவுசெய்து சொல்லவும்.

பதினாலாங்கட்டைக்குப் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இறங்கினால் வாழை மரம் கட்டியிருக்கிறது, பன்னீர் தெளிக்கிறார்கள், சந்தனம் கொடுக்கிறார்கள், பந்தி போட்டு வடை பாயசத்தோடு இலை விரித்திருக்கிறார்கள். பந்தாட வந்தவர்களுக்கு இப்படி ஒரு மரியாதையை நான் எங்கேயும் கண்டதில்லை. சாப்பிட்டாயிற்று என்று எப்படிச் சொல்வது? கை நனைக்காவிட்டால் மரியாதைக் குறைவு. உட்கார்ந்தோம். இரண்டாவது பாயசத்தில் முனியாண்டி மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்தான். "கிராணியாரே, என்னைய எழுப்பாதீங்க, எழுப்புனா வெடிச்சிருவேன்" என்று கண்ணை மூடிக்கொண்டான். உபரியாக வந்த இரண்டு பேரும் அவனுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்துவிட்டார்கள். எஞ்சிய பத்துப் பேர் நின்றார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். பாயசம் பிடிக்காதவன் நான் ஒருவனே. ஆகவே நாற்பத்தெட்டு வயதில், ஆபீஸ் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, கண்ணாடியை வள்ளியம்மா கையில் கொடுத்துவிட்டு, நான் கோலில் நின்றேன்.

இங்கேதான் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த ராமகிருஷ்ணன் கால் பட்டால் பந்து வலைக்குள் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். மாநில டீமுக்கு ஆள் எடுக்கச் சிரம்பானிலிருந்து இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், அவனைப் பார்க்கத்தானாம். அத்தான், அவன் ஒன்பது பந்து அடித்தான். ஒன்பதையும் நான் தடுத்தேன்! முதல் பந்து தரையோடு உருண்டு நேராக என் கைக்கு வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கம்பத்துக்கு மேலே போய் ரப்பர் மரத்தில் மாட்டியது, என்னைப் பார்த்துப் பதறிப்போயிருக்க வேண்டும். நான்காவதைக் கோலுக்கு இரண்டு எட்டில் வைத்துக்கொண்டு, அடிக்காமல், திரும்பித் தன் ஆளுக்கே தள்ளிவிட்டான். இன்னொருவன் இடது மூலைக்கு ஓங்கி அடித்த பந்துக்குக் குறுக்கே போய் இவனே தலையைக் கொடுத்து வெளியே தள்ளினான், எது தன் பக்கம் எது எதிர்ப் பக்கம் என்றே தெரியாத பயல். ஆறாவது பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோதுதான் நான் கம்பத்தில் மோதித் தோளையும் முழங்காலையும் பெயர்த்துக்கொண்டேன், பந்து என்னவோ வேறு பக்கம் போனது. இடைவேளையில் சிரம்பான்காரர்கள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூடு சொரணை கிடையாது. ஆட்டம் முடிந்ததும் என்னைத் தூக்கிவிட வந்து, "அடி பலமாப் பட்டுருச்சா மாமா?" என்கிறான். முன்பின் தெரியாத கிராணியை மாமா என்று கூப்பிடுகிற மரியாதை இது.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஒன்பது தரம் வாய்ப்புக் கிடைத்தும் கண்ணாடி போடாத ஒரு கிராணியைத் தாண்டிப் பந்தைப் போட முடியாதவன், நாளைக்குக் குடும்பத்தை எப்படி நடத்துவான்? செல்லத்தை இப்படிப்பட்ட ஒரு மந்தனிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அவர்கள் மனம் நோகாமல் தாங்களே ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டு முடித்துவிடவும். நான் தடுத்த ஒன்பது பந்து விவரத்தைத் தங்களுக்குத் தெரிந்த பத்திரிகைக்காரர் யாரிடமாவது சொன்னால் ஆட்சேபணை இல்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நூறு வயது நோய்நொடி இல்லாமல், பந்து விளையாடாமல் வாழ ஆசீர்வாதம்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
சி. திருநாவுக்கரசு,
சின்னக் கிராணி, பந்தாட்டச் சங்கச் செயலாளர் மற்றும் கோல்கீப்பர்.

பி.கு. கடிதம் நன்றாக வந்திருக்கிறதே என்று, உறையில் போடுமுன் வள்ளியம்மாவுக்கும் செல்லத்துக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். முதல் பந்துக்கே சிரிக்க ஆரம்பித்தார்கள். நான்காவது பந்துக்கு வள்ளியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரம்பான்காரர்கள் எழுந்து போன இடம் வந்ததும் செல்லம் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, மெய்யாவே ஒங்களுக்கு ஒண்ணும் வெளங்கலையா?" என்றாள்.

நான் மாப்பிள்ளை பார்க்கத்தான் வருகிறேன் என்று மூன்று வாரத்துக்கு முன்பே இவர்கள் குலாம் முகம்மதுவிடம் பையன் வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். எல்லாத் தோட்டத்துக்கும் லாரி ஓட்டுகிறவன், அவன் வாய் சும்மா இருக்குமா? லாரியில் ஏறிய அத்தனை பேருக்கும் தெரியும், பந்தி போட்டவர்களுக்கும் தெரியும். நான் கோலில் நின்ற நேரத்தில் அங்கே வெற்றிலை பாக்கே மாற்றிக்கொண்டுவிட்டார்களாம்.

"அவங்கம்மா அழுதுக்கிட்டே சொன்னாங்க" என்றாள் வள்ளியம்மா. "நாலு கோல் போட்டா மாநில டீமுல எடம்னு கேப்டன் கெஞ்சியிருக்கான். அதுக்கு அந்தத் தம்பி, 'பொண்ணக் குடுக்கப் போறவரு அங்க நிக்கிறாரு. அவர நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆக்கிட்டு அந்த வீட்டுக்கு எப்படிப் போவேன்'னு சொல்லிருச்சாம்."

செல்லம் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அவரே போதும்பா" என்றாள்.

அத்தான், எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது. திரும்ப எழுதத் தாள் இல்லாததால் மேலே "வேண்டாம்" என்று வருகிற இடத்தில் "சம்மதம்" என்றும், "மந்தன்" என்று வருகிற இடத்தில் "மாப்பிள்ளை" என்றும் திருத்திப் படித்துக்கொள்ளவும். ஆவணியிலேயே முகூர்த்தம் பார்க்கவும். பத்திரிகைக்காரரிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஒரே ஒரு உதவி. மாப்பிள்ளையைத் தனியாகப் பார்க்கும்போது, யாருக்கும் தெரியாமல், அந்த ஒன்பதில் ஒன்றாவது அவர் உண்மையாகவே அடித்ததா என்று கேட்டு எழுதவும். ஒன்று போதும்.