'உள்ளதுங்க'வும் கப்பல் படமும்

கோயமுத்தூரில் ஒரு சினிமாக் கொட்டகையை ஒரே நாளில் காலி செய்யும் சக்தி அந்தக் காலத்தில் இரண்டுக்குத்தான் இருந்தது. ஒன்று பிளேக். மற்றொன்று, எங்கள் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த 'உள்ளதுங்க'.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். எதைச் சொன்னாலும் "உள்ளதைச் சொல்றேனுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். ஊர் அதையே சுருக்கி அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. ஐம்பது வயது, ஒட்டிய கன்னம், இரண்டு ஆள் நுழையக்கூடிய காக்கிக் கோட்டு. ஆட்டம் நடக்கும்போது கதவை விட்டு நகரக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. ஆகவே ஒரு படத்தையும் அவர் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக, வெளியே வருகிறவர்களை மறித்து, "எப்படீங்க இருந்துச்சு?" என்று கேட்பார். கேட்டதை, அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் நிற்பவர்களிடம் அப்படியே ஒப்பித்துவிடுவார்.

"உள்ளதைச் சொல்றேனுங்க. பாட்டு நாப்பதாமா. முப்பதாவது பாட்டுல ராசாவே தூங்கிப்போட்டாராமா. ஊட்டுக்குப் போயிச் சோறு உண்ணுங்க."

வரிசை கலைந்துவிடும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வேலையை விட்டு அனுப்ப மாட்டார். 'உள்ளதுங்க' ஒரு படத்தை "பார்க்கலாமுங்க" என்று சொல்லிவிட்டால், தாராபுரத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நோட்டீஸை நம்பாத சனம் அவர் வாயை நம்பியது.

நான் அந்தக் கொட்டகையில் விளக்கம் சொல்கிறவன். படங்கள் பேச ஆரம்பித்துவிட்டாலும், இங்கிலீஷ்ப் படம் பேசுவது எங்கள் ஜனங்களுக்குப் புரியாது. திரைக்குப் பக்கத்தில் நின்று, தகரக் குழாய் வழியாகத் தமிழில் கதை சொல்ல வேண்டும். இன்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு தடவை தவறிய எனக்கு அது பெரிய உத்தியோகம். 'இங்கிலீஷ்காரன் வாயைத் திறந்ததும் தமிழில் சொல்லிவிடுவார் மாப்பிள்ளை' என்ற பெருமையில்தான் எனக்குப் பெண்ணே நிச்சயமாகியிருந்தது.

அந்தச் சமயத்தில் கப்பல் படம் வந்தது. பேர்போன ஒரு கடல் நாவலை வைத்து எடுத்தது. கதைச் சுருக்கத்தை ஒரு தாளில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். முதலாளி அதை என்னிடம் நீட்டினார்.

"எதுக்குங்க? நாவலையே படிச்சிருக்கறனுங்க" என்றேன்.

படித்ததில்லை. கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு போய், சவரக் கடையில் புழுக்கத்துக்கு அதால் விசிறிக்கொண்டிருந்தேன். வரும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

படம் ஓடத் தொடங்கியதும் எனக்குச் சவரக் கடை ஞாபகம் வந்தது. மாலுமிகள் பேசியது நான் படித்த இங்கிலீஷே இல்லை. வாய் நிறைய வெற்றிலையோடு புயலில் நின்று பேசுவதுபோல் இருந்தது. திரையில் முக்கியமாக இரண்டு பேர். ஒருவன் காப்டன், மழுங்கச் சவரம் செய்து, பித்தளைப் பொத்தான் கோட்டுப் போட்டவன். இன்னொருவன் அவனுக்கு அடுத்த அதிகாரி. தாடி, கிழிந்த சட்டை. இவர்களில் எவன் நல்லவன்? நான் கோட்டின் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

காப்டன் மாலுமிகளைச் சவுக்கால் அடித்தான். "பெற்ற பிள்ளைகளைப்போல் கண்டிக்கிறார்!" என்றேன். குடிதண்ணீர்ப் பீப்பாயைப் பூட்டினான். "நாளைக்கு வேண்டுமே என்று சேமிக்கிறார்!" என்றேன். தாடிக்காரன் மாலுமிகளோடு சேர்ந்து காப்டனை அறையில் அடைத்தபோது, "நன்றி கெட்டவன்!" என்று குழாயில் அலறினேன். கொட்டகையே அவனைச் சபித்தது. கடைசியில் கோர்ட்டில் நீதிபதி தாடிக்காரனுக்குக் கைகொடுத்து அனுப்பினார். எனக்கு வியர்த்துவிட்டது. "லஞ்சம் கொடுத்துத் தப்பிவிட்டான் பாவி!" என்று சொல்லிக் கதையை முடித்தேன்.

வாசலில் 'உள்ளதுங்க' அபிப்பிராயம் திரட்டினார்.

"காப்டன் மகராசனுங்க. தாடிக்காரன் நம்ம கையில சிக்கோணும்" என்றார் ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர்.

"கண்ணுக்கெட்டின மட்டும் தண்ணி கெடக்குது. ஒரு தென்னைக்குப் பாய்ச்ச முடியாதாமா. அதென்னங்க கடலு?" என்றார் ஒரு விவசாயி.

"அத்தன ஆம்பளைக இருந்தாங்க, கப்பல்ல ஒரு பொம்பள இல்லீங்க. சோறாக்குனது ஆருங்க?" என்றாள் ஒரு அம்மாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "உள்ளதைச் சொல்றேனுங்க. காப்டன் தெய்வம். கட்டாயம் பாருங்க."

மூன்று நாள் கூட்டம் நெரிந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கதை சொன்னா நீங்கதான் சொல்லோணும்னு சனம் பேசுதுங்க" என்றார். நான் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

நாலாம் நாள் பகல் ஆட்டத்துக்கு ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். அந்த நாவலைப் பாடம் நடத்துகிறவர். படம் முடிந்ததும் நேராக வாசலில் நின்ற முதலாளியிடம் போனார்.

"ஏனுங்க, கொடுமைக்காரனை நல்லவனாக்கி, நல்லவனைத் துரோகியாக்கி உள்ளே ஒருத்தர் கத்திட்டிருக்கிறாரே, ஆருங்க அது?"

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தக் கதைத் தாளு எங்கீங்க?"

"இங்கதான்... வச்சிருந்தனுங்க..." என்று சட்டைப் பையைத் தடவினேன்.

கதவருகே நின்ற 'உள்ளதுங்க' என் முகத்தையே பார்த்தார். மூன்று நாளாக ஊருக்குத் தாம் சொன்னதெல்லாம் தப்பு என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு முன்னால் வந்தார்.

"உள்ளதைச் சொல்றேனுங்க மொதலாளி. தாளுல கப்பல் படம் போட்டிருக்குதேன்னு அதை நாந்தான் பார்க்க வாங்குனேன். தொலைச்சுப்போட்டனுங்க. தம்பி வேற வழியில்லாமக் குத்துமதிப்பாச் சொல்லிப்போட்டாரு."

சொன்னவர் அவர் என்பதால் முதலாளி சந்தேகப்படவே இல்லை; நாவலைப் படித்திருப்பதாக நான் பீற்றிக்கொண்டதுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'இல்லீங்க, நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நாள் கொட்டகை அதிரக் கத்திய வாய் திறக்கவில்லை. அவர் கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தார். "போயிட்டு வாரனுங்க" என்று எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

என் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அவருக்குப் பத்திரிகை அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பந்தியில் யாரோ, "உள்ளதுங்க வரலீங்களா?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளையாகிய நான் எழுந்து பாயசம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

சில மாதம் கழித்து, அந்த வாத்தியாரிடமே போய் நாவலை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். அதற்குமேல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விசாரித்துக்கொண்டு உடுமலைப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு தேங்காய் மண்டியில் அவர் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "இது அழுகலுங்க, வாங்காதீங்க" என்று அவர் வந்தவர்களிடம் சொல்ல, மண்டிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"உடுங்க தம்பி. உங்களுக்குக் கண்ணாலம் பேசியிருந்தாங்க. வேலை போயிருந்தா பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க? எனக்கு ஆரு பொண்ணு தரப் போறாங்க?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது கெடக்குது. அந்தப் படத்தோட நெசக் கதை என்னங்க? அதுதான் எனக்கு மண்டையைக் குடையுது" என்றார்.

தேங்காய்க் குவியல் ஓரத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றேன். பீப்பாயைப் பூட்டிய இடத்தில் அவர், "தாகத்துக்குத் தண்ணி தராதவன் மனுசனா?" என்று துள்ளினார். கோர்ட்டு முடிந்ததும் கையிலிருந்த காயைக் கீழே வைத்தார்.

"அந்தத் தாடிக்காரன் எத்தன நல்ல மனுசன்! அவனைப் போயி ஊரெல்லாம் கெட்டவன்னு நாம சொல்லிப்போட்டமே, தம்பி!"

'நீங்க' என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். 'நாம' என்றார்.

கோயமுத்தூர் பஸ் புறப்படப்போவதாகக் கூவினார்கள். எழுந்து போக மனசு வரவில்லை. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் பிரித்துக்கொண்டிருந்தேன்.