மூச்சு அண்ணன் செய்த அமரர் ஊர்தி

ஆரணியில் கடன் வாங்கி ஏமாற்றியவனைக்கூட மன்னித்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நின்று மூச்சு விட்டவனை மூச்சு அண்ணன் மன்னித்ததே இல்லை.

தொண்ணூறுகளில் நான் அவருக்கு எதிர்வீட்டு வாடகைக்காரன். பஸ் ஸ்டாண்டு அருகே லாரிகளுக்கு நம்பர் பிளேட் எழுதும் கடை அவருக்கு. அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிரெல்லாம் வீட்டில் அவர் செய்த குட்டி வண்டிகளில்தான். அம்பாசிடர், களம்பூர் நெல் லாரி, செய்யாறு கம்பெனி பஸ் என்று உள்ளங்கை அளவுக்குத் தகரத்தில் செய்து, பெயிண்ட் அடித்து, தண்ணீரில் ஊறவைத்த மெல்லிய ஸ்டிக்கரை உரித்து ஒட்டுவார். அப்போது வாசலில் யார் வந்தாலும், "மூச்சு உடாத! பறந்துடும்!" என்று அலறுவார். தபால்காரர் ஒருமுறை தெருக்கோடி வரை போய்த்தான் மூச்சு விட்டார்.

ஸ்டிக்கர் காய்ந்ததும் மேலே ஸ்பிரே கன்னால் கிளியர் என்ற நிறமில்லாத வார்னிஷ் அடிப்பார். மெல்லிசாக ஒரு கோட், அது காய்ந்த பிறகு இன்னொன்று. அவசரப்பட்டு ஒரேயடியாக அடித்தால் ஸ்டிக்கர் சுருங்கிவிடும். இவ்வளவு பக்குவம் பார்த்த மனிதர் மூக்கில் ஒரு துணி கட்டியதில்லை. வருஷக்கணக்கில் அந்தப் புகையைக் குடித்து நுரையீரல் கெட்டுப்போனது. இனி ஸ்பிரே வாடையே ஆகாது, நாளும் அதிகமில்லை என்று வேலூர் டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊர் திரும்பியதும் அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு போய், அதையும் குட்டியாகச் செய்ய, ஊரின் அமரர் ஊர்தியை அளந்தார். டிரைவர் பதறிவிட்டார்.

"யாருக்குண்ணே அளவு?"

"வண்டிக்குடா. எனக்கு அப்பால எடுத்துக்க."

அவர் மனைவி ராணியக்கா தறியை விட்டு எழுந்து வந்தார். "எழவு வண்டிய ஊட்டுக்குள்ள வச்சிகினு பூசை பண்ணப் போறீங்களா? உங்களோட ஒரே பேஜாரு!"

"அந்த வண்டில ஒட்டுன எழுத்து ஓரம் தூக்கிகினு கீது ராணி. அதுல போவ எனக்கு மானக்கேடு. இதுலயாவது நேரா இருக்கட்டும்."

தகர ஊர்தி தயாரானது, ஆனால் ஸ்டிக்கரில் இருந்த பசை பழசாகி ஒட்டவில்லை. தறியின் பாவு நூலுக்குப் போட ராணியக்கா காய்ச்சி வைத்திருந்த அரிசிக் கஞ்சியைத் தொட்டு அண்ணன் ஒட்டினார். நெசவாளி வீட்டில் பிறந்தவருக்குத்தான் அந்தப் புத்தி போகும். விடிந்து பார்த்தால் கரப்பான்பூச்சிகள் கஞ்சியோடு எழுத்தையும் தின்றிருந்தன. அண்ணன் சுவரில் சாய்ந்து அழுதார்.

"இத முடிக்காமயே பூடுவேன் போலக்குதே."

அதைக் கேட்ட ராணியக்கா திட்டிக்கொண்டே தானே வேலையில் இறங்கினார். புது ஸ்டிக்கர் வரவழைத்து ஒட்டி, பின்வாசலில் ஸ்பிரே கன்னோடு நின்றார். வாடை படாமல் தெருவில் நாற்காலி போட்டு அண்ணன். நடுவில் சேதி சுமக்க நான்.

"மெல்லிசாவாம் அக்கா."

"மெல்லிசாத்தான் அடிக்கிறேன்னு சொல்லு."

"காஞ்சிச்சான்னு கேக்குறாரு."

"ஜல்தியாப் போவணுமாமா அவருக்கு?"

கேட்டுவிட்டு அக்கா கன்னைக் கீழே வைத்தார். திரும்ப எடுக்க வெகுநேரம் ஆனது.

கடைசிக் கோட் காய்ந்ததும் அண்ணன் வண்டியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. "என்னவிட நல்லா அட்ச்சிகிறா" என்றார். மனைவியை அவர் புகழ்ந்து நான் கேட்டது அது ஒன்றுதான். அந்த வாரமே போய்விட்டார்.

நிஜ வண்டி வாசலில் வந்து நின்றது. பின்கதவில் எழுத்தின் ஓரம் அப்படியே தூக்கிக்கொண்டிருந்தது. அவரை ஏற்றிவிட்டு டிரைவர் கதவைச் சாத்தினார்.

"இருப்பா" என்றார் ராணியக்கா. உள்ளே போய்ப் பாவுக் கஞ்சியைத் தொட்டு வந்து, அந்த ஓரத்தை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டைவிரலால் நீவினார். "தூக்கிகினு இருந்தா அவருக்குப் புடிக்காது."

யாரும் சொல்லாமலே தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்குத்தான் அடக்க முடியவில்லை, தேம்பிவிட்டேன். அண்ணன் பார்த்திருந்தால் என்னைத் தொலைத்திருப்பார்.