சிங்காரவேலுவின் கொடைக்கானல்

"கொடைக்கானல்னு சொன்னீங்களேப்பா, இது செங்கல் சூளையால்ல இருக்கு?"

ஜெயபாரதி காரிலிருந்து இறங்கித் துப்பட்டாவால் முகத்தை விசிறிக்கொண்டாள். கடைத்தெருவுக்குப் போய்ப் பூ வாங்கி வந்த அந்தக் கால் மணி நேரத்தில் அவளுடைய பவுடர் எல்லாம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்றது. குடவாசலில் அன்று காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கத்திரி என்றால் சும்மாவா? ஆனால் அவர் மனசு தளர்கிற ஆள் இல்லை. டிராக்டர், பம்புசெட்டு, மிக்ஸி என்று எதைப் பிரித்தாலும் அவருக்குப் பயமே கிடையாது. திரும்பப் பூட்டும்போது மீந்துபோகும் திருகாணிகளை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்திருந்தார்.

அன்றைக்கு ஏசி வேலைசெய்தே ஆகவேண்டும். தரங்கம்பாடியிலிருந்து ஜெயபாரதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சதீஷின் அப்பா முருகையனுக்கு வெயில் என்றாலே ஆகாது. "ஐப்பசியில மழை விழட்டும், வர்றோம்" என்றுதான் போனில் சொன்னார். ஐப்பசிக்கு சதீஷ் எங்கே இருப்பான்? ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூருக்கு விமானம் ஏறினால் அடுத்த லீவு எப்போது என்று அவனுக்கே தெரியாது. ஜெயபாரதியோ அவன் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நானே வந்து அழைச்சிக்கிட்டு வர்றேன். என் கார்ல கால வெச்சா கொடைக்கானல். வேர்வைன்னா என்னன்னு கேப்பீங்க!" என்று சிங்காரவேலு வாக்குக் கொடுத்துவிட்டார்.

"மெக்கானிக்கிட்ட காட்டிடுங்களேன்ப்பா" என்றாள் ஜெயபாரதி.

"மெக்கானிக்கா? அவனுக்கே நான்தான் சொல்லிக்கொடுக்கணும்."

"உள்ள ஏதோ சீரக வாசனை வேற வருது."

"கேஸ் லீக்கானா சீரக வாசனைதான் வரும்" என்றார், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

ஏசி குளிராததற்குக் காரணம் அவருக்குத் தெரியும். ஒரு வாரமாக வண்டி வெயிலில் நிற்கிறது. புங்கமரத்தடியில் விடப்போனால் மனைவி ஞானாம்பாள் விடுவதில்லை. "என்னங்க, நிழல்ல விடாதீங்க. காக்கா எச்சம் போட்டு வண்டியே பாழாயிடும்." சரி, கண்ணாடிக்காவது வெயில் தடுக்கும் தட்டி வைத்தால், தூங்கி எழுந்து வருவதற்குள் அது மடித்துக் கிடக்கும். கேட்டால், "காத்துல விழுந்துச்சு" என்பாள்.

காரில் போன் ஸ்டாண்டு ஒன்று இருந்தது. ஏசிக் குமிழ்கள் அத்தனையையும் மறைத்துக்கொண்டு நிற்கும். அதன் அடியில் கைவிட்டுத் தடவித்தான் ஃபேனைக் கூட்டுவார். அதில் போனை மாட்டி, 'கோடையில் கார் ஏசி குளிர ஏழு வழிகள்' என்ற வீடியோவைப் போட்டார்.

"முதல்ல, உங்க ஏசிக் குமிழ் எந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தான் வீடியோக்காரன்.

"இதெல்லாம் பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்று முதல் வழியைத் தள்ளிவிட்டு இரண்டாவதற்குப் போனார் சிங்காரவேலு.

முன்பக்கத்து வலையில் தூசி அடைத்திருந்தால் தண்ணீர் அடித்துக் கழுவச் சொன்னது வீடியோ. அவர் வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரைத் தூக்கிவந்து அடித்தார். அடித்த பிறகுதான் அதில் போன வாரத்து வேப்பெண்ணெய்க் கரைசல் மிச்சமிருந்தது ஞாபகம் வந்தது. ஏசியைப் போட்டதும் வண்டி முழுக்கக் கசந்தது.

"வேப்பெண்ணெய் உடம்புக்கு நல்லதும்மா" என்றார்.

அடுத்து ஃபில்டர். அதைக் கழற்றித் துவைக்கிற கல்லில் இரண்டு தட்டுத் தட்டினார். இரண்டாகப் பிளந்துகொண்டது.

"இந்தச் சனியன்தான் காத்த மறிச்சிருக்கு!" என்று குப்பையில் எறிந்துவிட்டு ஃபேனைப் போட்டார். காற்று பிய்த்துக்கொண்டு வந்தது.

"பாத்தியா காத்த!"

"சூடால்ல வருது?"

"காத்து முன்னால வரும். குளிர் பின்னாலயே வரும்" என்று சொல்லிவிட்டுத் தரங்கம்பாடிக்கு வண்டியை எடுத்தார்.

குளிர் வரவேயில்லை. ஆனால் அவர் சிரித்த முகத்தோடுதான் போய் இறங்கினார். முருகையன் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் முன்சீட்டில் ஏறினார். அவர் மனைவி தையல்நாயகியும் சதீஷும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

"ஏசி போட்டிருக்கீங்களா?" என்றார் முருகையன்.

"போட்டிருக்கேன் சம்பந்தி. இப்பதான் விழிக்குது."

"இன்னும் சம்பந்தி ஆகல" என்றார் முருகையன்.

வழியில் ஓர் ஊரில் ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டி வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் உளுந்து தானாகப் பிரிந்துவிடும். இந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். சிங்காரவேலுவும் ஏறி மிதித்தார். ஃபில்டர் இல்லாத வண்டி உளுந்துத் தூசியை மொத்தமாக உறிஞ்சி முருகையன் முகத்தில் ஊதியது. வெள்ளைச் சட்டை சாம்பல் சட்டையாகிவிட்டது. மீசையில் ஒரு உளுந்துத் தொலி ஒட்டிக்கொண்டு ஆடியது.

"நல்ல சகுனங்க! தானியமே தேடி வருது" என்றார் சிங்காரவேலு. முருகையன் கைக்குட்டையை எடுத்து மீசையைத் துடைத்தார்.

சரி, கடைசி அஸ்திரம். மீனுக்கு ஐஸ் போடும் கடை ஒன்றில் நிறுத்தி, ஒரு பெரிய ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி வாங்கிப் பின்சீட்டில் சதீஷ் பக்கத்தில் வைத்தார்.

"ஐஸ்ல பட்டு வர்ற காத்துக்குப் பேருதாங்க ஏசி!"

ஐஸ் கரைந்தது. சாக்கிலிருந்து மத்தி மீன் வாசனை கிளம்பி வேப்பெண்ணெயோடு கலந்தது. கரைந்த தண்ணீர் சீட்டின் பள்ளத்தைத் தேடிப்போய் மாப்பிள்ளைக்கு அடியில் தேங்கியது. சதீஷ் பாவம், நல்ல பிள்ளை, அப்படியே உட்கார்ந்து வந்தான்.

"வண்டிய நிறுத்துங்க. நான் பஸ்ல திரும்பிடுறேன்" என்றார் முருகையன்.

"இதோ, ஊர் வந்துருச்சுங்க!" என்று சிங்காரவேலு மிதித்த மிதியில் கார் வாசலில் போய்த்தான் நின்றது.

வீட்டுக்குள் வந்த முருகையன் ஃபேனுக்கு நேர் கீழே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். ஈரப் பேண்டோடு சுவர் ஓரமாக நின்ற சதீஷைப் பார்த்து ஜெயபாரதி சிரிப்பை அடக்கினாள். அவனும் சிரித்தான்.

"சாப்பாடு தயாரா இருக்குங்க. இலை போட்டுடலாமா?" என்றாள் ஞானாம்பாள்.

"வேணாம்மா. முடிவாகாத வீட்டுல கை நனைக்கறதில்ல" என்றார் முருகையன். சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். "பொண்ணு தங்கமா இருக்கு. ஆனா இப்ப எதுவும் யோசிக்க முடியல. ஐப்பசியில பாத்துக்கலாம்."

ஜெயபாரதியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சிங்காரவேலு கார் சாவியை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"மோராவது குடிங்க" என்று ஞானாம்பாள் சொம்பை நீட்டினாள். கூடவே ஒரு தட்டு நிறையப் பொரித்த கூழ் வடகம் வைத்தாள்.

மோரைக் குடித்த முருகையன் ஏதோ நினைவில் ஒரு வடகத்தை எடுத்துக் கடித்தார். நொறுக்கென்ற சத்தம் வாசல்வரை கேட்டது. அவர் கண் திறந்தது. இன்னொன்று எடுத்தார். பிறகு தட்டையே மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்பா, கை நனைக்க மாட்டேன்னீங்க?" என்றான் சதீஷ்.

"வடகத்துல எங்கடா கை நனையுது?" என்றார் அவர், வாய் நிறைய. "ஒரு மண்ணு இல்ல, ஒரு தூசி இல்ல! இந்த மாதிரி வடகம் எங்கம்மா போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் திங்கிறேன். என்ன சதீஷ், உனக்குச் சம்மதமா?"

"எப்பவோ சம்மதம்ப்பா."

"பொண்ணு என்ன சொல்லுது?"

ஜெயபாரதி தலையை ஆட்டிய வேகத்தில் காலையில் வாங்கிய பூ கீழே விழுந்தது.

"அப்புறம் என்ன ஐப்பசி? இலையப் போடுங்கம்மா, கை நனைக்கிறோம்!"

சிங்காரவேலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது. "எல்லாம் என் கார் ராசி, சம்பந்தி! ஏசி மட்டும் ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னுதான் தெரியல. நான் பாக்காத இடமே இல்ல."

இலை முன்னால் உட்கார்ந்த தையல்நாயகி ஞானாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுல மாடியில காயப்போட்டா பாதி காக்காவுக்கு, மீதி மண்ணுக்குப் போயிடுது. நீங்க எப்படிங்க இவ்வளவு சுத்தமா காயவெச்சீங்க?"

ஞானாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"மாடிக்கே போறதில்லங்க. இவுங்க மத்தியானம் தூங்கினதும் கார் சீட்டுல வேட்டிய விரிச்சுப் பிழிஞ்சுவிட்டு, அந்த ஏசிக் குமிழையும் சூடு வர்ற சிவப்புப் பக்கமாத் திருப்பிவெச்சுக் கதவச் சாத்திடுவேன்."