ஒல்லித் துப்பாக்கியும் தேங்காய் எண்ணெயும்

டெக்சாஸில் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போக லைசன்ஸ் தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் இந்தக் கிட்டுசாமி வெறும் இடுப்போடு வாசல்படி தாண்ட மாட்டான்.

காரணம் கேட்காதீர்கள். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் தெருவில் கடைசியாக நடந்த குற்றம், எதிர்வீட்டு வாசலில் இருந்த பூசணிக்காயை யாரோ உதைத்துவிட்டுப் போனது. ஆனால் எனக்கும் ஆசை இருக்காதா? வீட்டு ஏசியைக் கூட்டக் குறைக்க எனக்கு உரிமை இல்லை. ரிமோட் மகள் பிரீத்தியிடம். நான் மட்டும் தொடுகிற மாதிரி ஒரே ஒரு சாமானாவது வேண்டும்.

மனைவி கலாவதி சண்டைக்கு வருவாள் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தன வருசம் உழைக்குமுங்க?"

மிக்சி வாங்கும்போதும் இதே கேள்விதான்.

"நல்லா வெச்சுக்கிட்டா ஆயுசுக்கும் வரும்னு ஆபீஸ்ல மணியன் சொல்றான். ஒல்லி கன் கலா. சட்டைக்குள்ள இருக்கறதே தெரியாது."

"ஒல்லியா இருந்தா சுடறப்ப உதை ஜாஸ்தியாமுங்களே?"

"யாரு சொன்னா?"

"லைப்ரரியில புக்கு எடுத்துப் படிச்சனுங்க. கனமான கன்னு, உதைய அதுவே வாங்கிக்குமாம். ஒல்லி கன்னு நம்ம கைக்குக் குடுத்துருமாம். உள்ள ஸ்பிரிங்கு சின்னது, சீக்கிரம் தளர்ந்துரும், மாத்தோணும். வேர்வை பட்டா துரு புடிக்கும்."

"அதெல்லாம் நான் மெயின்டெய்ன் பண்ணிக்குவேன்."

"நம்ம காருக்கு ஆயில் மாத்தற நாள ஞாபகம் வெச்சிருக்கறது யாருங்க?"

நான் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மழை வரும் போலிருக்கிறது என்றேன்.

"எனக்கு ஒரே பயந்தானுங்க," என்றாள். "ஃப்ரீவேயில ஒருத்தன் குறுக்க வந்தா, கண்ணாடிய எறக்கிப் பல்லடத்துப் பேச்சுல திட்டறீங்க. இடுப்புல இதையும் சொருகிக்கிட்டு நீங்க திட்டுனா என்னாகறது?"

"அவனுக்குத் தமிழ் புரியவா போகுது?"

"கன்னு புரியுமுங்களே."

நறுக்கிய வெண்டைக்காயைச் சட்டியில் தள்ளினாள். பிறகு, "சரீங்க, வாங்கிக்குங்க. ஆனா லைசன்ஸ் கிளாசுக்கு நானும் வருவேன்," என்றாள். துணைக்கு உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

வாங்கினேன். இரண்டு சீட்டுக்கட்டை அடுக்கிய பருமன்தான். குண்டு போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, ஆகஸ்ட் மாதம் முழுக்க வீட்டுக்குள் நடந்து பழகினேன். பேன்ட்டில் நின்றது. லுங்கியில் நிற்கவில்லை. ஒருநாள் பிரீத்தியின் தோழிகள் வந்திருந்தபோது லுங்கியும் துப்பாக்கியும் சேர்ந்தே கீழே இறங்கின.

"டாட்! திஸ் இஸ் சோ எம்பாரசிங்!" என்று கத்திவிட்டு மாடிக்கு ஓடினாள் பிரீத்தி.

ஹூஸ்டன் புழுக்கத்தில் எனக்கு ஊற்றெடுக்கும் வேர்வை துப்பாக்கியைச் சும்மா விடவில்லை. ஓரமெல்லாம் பழுப்பு நிறம்.

"துருவுங்க," என்றாள் கலா.

"துரு இல்ல. அது ஷேடு."

"எண்ணெ போட்டு வைங்க."

"கடையில குடுத்த எண்ணெ நெடி தாங்கல. தலை வலிக்குது."

"அப்ப தேங்காண்ணெ போடுங்க. மணமா இருக்கும்."

போட்டேன். அடடா! சுட்டதும் பின்னால் போய்த் திரும்புகிற மேல்மூடி வெண்ணெயாக வழுக்கியது. துருவும் பரவவில்லை. இரண்டே நாளில் அது என் சொந்தக் கண்டுபிடிப்பாகிவிட்டது. மணியனிடம், "கம்பெனிக்காரனுக்கே தெரியாதுடா இது," என்று மார்தட்டினேன்.

லைசன்ஸ் கிளாசும் சுடுகிற டெஸ்டும் ஒரே நாளில். அதற்குத் தேதி பார்க்கிற வேலையைக் கலாவே எடுத்துக்கொண்டாள். செப்டம்பரில் பிரீத்திக்குப் பாட்டுப் போட்டி. அக்டோபரில் சரஸ்வதி பூஜை. நவம்பரில் தீபாவளிக்கு நாற்பது பேர் வருகிறார்கள். டிசம்பரில் பக்கத்துத் தெரு சாரதா ஆன்ட்டி வீட்டு விசேஷம்.

"ஜனவரியில போலாமுங்க. கூட்டமே இருக்காது."

கூட்டம் இல்லைதான். வடக்கிலிருந்து அடித்த காற்றில் புத்தியுள்ளவன் எவனும் வரவில்லை. திறந்த வெளி. காது மடல் வலிக்கிற குளிர். டெஸ்ட் வைப்பவர் டேல், ஓய்வு பெற்ற போலீஸ்காரர். துப்பாக்கி ராத்திரி முழுக்கக் கார் டிக்கியில் கிடந்தது. முந்தின நாளே எடுத்து வைத்தால் காலையில் பரபரப்பு இருக்காது என்று கலா சொல்லியிருந்தாள்.

சுட்டேன். ஒரு குண்டு போயிற்று. பின்னால் போன மேல்மூடி திரும்பி வரவில்லை. துப்பாக்கி பாதி வாயைத் திறந்தபடி நின்றது. நானும் அப்படியே நின்றேன்.

டேல் வாங்கிக் குண்டுகளை எடுத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"வாட் இஸ் திஸ், சன்?"

"கோகனட் ஆயில், சார்."

முகர்ந்தார். பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். அவர் தனக்குப் பசிக்கிறது என்றார். டேல் எல்லாவற்றையும் துடைத்து, முறையான எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி சுட்டேன். ஒல்லித் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையை உதைத்து மேலே துள்ளியது. என் குண்டுகளில் பாதி பக்கத்து ஆளின் குறி அட்டையில் போய்ப் பாய்ந்தன. அவர் தான் சுட்டதைவிட அதிக ஓட்டைகளைப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

"இன்னொரு நாள் வா," என்று டேல் ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்.

அடுத்தது கலா. அவளும் டெஸ்டுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அதே துப்பாக்கி. தேங்காய் துருவ உட்காருகிறவள் போலக் காலை ஊன்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். உதைத்தது. துள்ளவில்லை. அட்டை நடுவில் மட்டும் சல்லடை. டேல் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன்.

"கலா, குளிர்ல தேங்காண்ணெ உறையும்னு உனக்குத் தெரியாதா?"

"ஏனுங்க தெரியாது? வருசா வருசம் உங்க தலைக்கு வைக்கற எண்ணெய வெந்நீர்ல வெச்சு உருக்கறது ஆருன்னு நெனச்சீங்க?"

"அப்ப ஜனவரின்னு தேதி வெச்சது?"

"அக்டோபர்ல உறையாதுங்களே."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அதே நேரம் பார்த்து ஒரு பிக்கப் டிரக் குறுக்கே புகுந்தது. கண்ணாடியை இறக்கினேன். கலா மீதிருந்த கோபத்தையும் சேர்த்து அவனைத் திட்டித் தீர்த்தேன். மூச்சு வாங்கியது.

கலா என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "நல்லாத் திட்டுங்க. திட்டறதோட நின்னாப் போதும். எனக்கு நீங்க முழுசா வேணுமுங்க."

கண்ணாடியை ஏற்றினேன்.

லைசன்ஸ் அவள் பெயருக்கு வந்தது. துப்பாக்கி அவள் கைப்பைக்குப் போனது. முன்பெல்லாம் கடைக்குப் போனால் அந்தக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் பின்னாலேயே நடப்பேன். இப்போது அதற்கும் எனக்கு லைசன்ஸ் இல்லை.