பத்துக்கு மூணு

அன்பும் மரியாதையும், இடையில் வழக்கம்போல் கொஞ்சம் பயமுமாக, அத்தைக்கு மருமகள் படுத்தபடியே எழுதுவது. இங்கு நலம் என்று ஆரம்பிக்கக் கை தானாகப் போகிறது. வயிற்றில் தையலை வைத்துக்கொண்டு அப்படி எழுதினால் நீங்கள் மேற்கொண்டு எதையும் நம்பமாட்டீர்கள். ஆகவே பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். இத்தனை தாமதமாக எழுதுகிறேனே என்று கோபம் வரும். ஃபோனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஃபோனில் நீங்கள் அழுவீர்கள், உடனே நான் அழுவேன், அழுதால் தையல் இழுக்கிறது. சிரித்தாலும் இழுக்கிறது. எழுதினால் இரண்டையும் ஓரளவு அடக்கி வைக்கலாம். மாமா இதைக் கம்ப்யூட்டரில் திறந்து உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார் என்று தெரியும். மாமா, அங்கங்கே 'தாண்டவும்' என்று போட்டிருக்கிறேன். அந்த இடங்களை மட்டும் தயவுசெய்து மனசுக்குள் படித்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிற அன்று, நீங்கள் பேரனுக்கென்று தைத்த யானைத் தலையணையை நான் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு வந்ததில் உங்களுக்கு இன்னும் வருத்தம் இருக்கும். வேறு வழியில்லை, அத்தை. உங்கள் பிள்ளையின் கம்பெனி பயிற்சிக்கு அனுப்புகிறது, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றது நல்ல செய்திதான். ஆனால் ஒன்றரை வயசு வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத தேசத்துக்குப் போகிறவள் எதை நம்பிப் போவாள்? காய்ச்சல் மருந்து, சளி மருந்து, அந்தச் சளி மருந்து கேட்காவிட்டால் கொடுக்கிற சளி மருந்து, வயிற்றுப்போக்கு நிற்க ஒன்று, நின்றது மறுபடி போக ஒன்று, ஒரு தெர்மாமீட்டர், அது பொய் சொன்னால் சரிபார்க்க இன்னொரு தெர்மாமீட்டர் என்று பெட்டி நிரம்பிவிட்டது. விமான நிலையத்தில் அதைத் திறந்து பார்த்த அதிகாரி, "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். "இல்ல, அம்மா" என்றேன். பேசாமல் மூடிக் கொடுத்துவிட்டார். வந்த நாளிலிருந்து வாண்டு ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. அத்தனை பாட்டிலுக்கு நடுவில் பெரியவர்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு மாத்திரை அட்டை, அதுவும் உங்கள் பிள்ளைக்கு விமானத்தில் காது அடைத்தால் போடுவதற்கு. எனக்கு ஏதாவது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வலி வந்தபோது நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தொப்புளைச் சுற்றி யாரோ கயிறு திரிப்பதுபோல் இருந்தது. உங்கள் பிள்ளை லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "கேஸா இருக்கும்" என்றார். மறுநாள் வலி வலது பக்கம் கீழே இறங்கியது. சொன்னேன். "இறங்குதுன்னா போகுதுன்னுதானே அர்த்தம்?" என்றார். எஞ்சினியர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் நம்பினேன். (மாமா, தாண்டவும்: எஞ்சினியரைக் கல்யாணம் செய்துகொண்டால் இதுதான்.) அதற்கடுத்த நாள் என்னால் நிமிர முடியவில்லை. தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி வீடு முழுக்கக் குனிந்தே நடந்தேன். வாண்டு அதை விளையாட்டு என்று நினைத்து, தானும் குனிந்துகொண்டு பின்னாலேயே வந்தது. குப்பை கொட்ட மாடிப்படியில் அதே கோலத்தில் இறங்கினபோது கீழ்வீட்டு அம்மா, அவர்தான் எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, என்னைப் பார்த்தார், நேரே போய் டாக்ஸியைக் கூப்பிட்டார்.

இனிமேல்தான், அத்தை, நான் செய்த காரியம் வருகிறது. ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு என்று ஒரு நீளமான ஹால். உட்காரப்போனால் உட்கார முடியவில்லை, நிற்கப்போனால் நிற்க முடியவில்லை. ஒரு நர்ஸ் வந்தார். பலகை மாதிரி தோள், குருவி மாதிரி குரல். கையில் ஒரு அட்டை. அதில் வரிசையாக முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, போகப்போகக் கோணுகிறது, கடைசி முகம் கண்ணீர் விடுகிறது. "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். மார்க் போடச் சொல்கிறார்கள், அத்தை! எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் படித்த கல்லூரியில் பத்துக்குப் பத்து போட்ட ஆசிரியரை நான் கண்டதே கிடையாது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஏழரை. பத்து என்று சொன்னால் இவள் என்ன இப்படித் தன்னைத் தானே தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்று நினைக்கமாட்டார்களா? பிரசவத்துக்குப் பத்து என்று வைத்தால் இதற்கு ஏழு தரலாம். அதில் அடக்கத்துக்காக இரண்டைக் கழித்தேன். உங்கள் பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன். "அஞ்சுன்னு சொல்லிடட்டுமா?"

"அஞ்சா? அஞ்சுன்னா அட்மிட் பண்ணிடுவாங்கடி. வாண்டு என்ன பண்ணும்? மூணுன்னு சொல்லு, மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க."

எனக்கும் அந்தப் பயம்தான். என் இடது காதைப் பிடித்துக்கொள்ளாமல் அவன் ஒரு நாளும் தூங்கியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் மணிக்கட்டு உடைந்த அன்று, "லேசாச் சுளுக்கிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறி முடித்தீர்களே, அதை நினைத்துக்கொண்டேன். உங்கள் வழியிலேயே நடந்தேன். "மூணு" என்றேன்.

மூணு என்றால் அவர்கள் ஊரில் ஹாலின் கடைசி நாற்காலி என்று அர்த்தமாம். எனக்குப் பின்னால் வந்த ஒருவர், கார் கதவில் விரல் நசுங்கியவர், கூச்சமே இல்லாமல் "ஒன்பது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார், கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார், என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வீட்டுக்கும் போய்விட்டார். நான் அங்கேயே சுருண்டு கிடந்தேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது உங்கள் பேரன்தான். அப்பா கையிலிருந்து நழுவி வந்து, குதிரை ஏறுகிற பாய்ச்சலில் என் வயிற்றின் மேல் ஏறினான். நான் போட்ட சத்தத்தில் ஹாலே எழுந்து நின்றது. குருவிக்குரல் நர்ஸ் அட்டையோடு ஓடி வந்து, "இப்போ எத்தனை?" என்றார். எனக்குக் கண்ணீர் கொட்டுகிறது, மூச்சு வரவில்லை. அப்போதும் இந்த வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "நாலு." அவர் அட்டையைத் தூக்கி என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கடைசிப் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமலே பத்து போட்டுக்கொண்டு, சக்கரக் கட்டிலைக் கூப்பிட்டார்.

குடல்வால், அத்தை. வெடிக்கிற நிலையில் இருந்ததாம். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் கடவுளை நினைத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நினைத்தது பாலின் சூட்டை. தள்ளுகிறவர் வேகமாகத் தள்ள, உங்கள் பிள்ளை கட்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

"பால் வெதுவெதுன்னு இருக்கணும். கையில விட்டுப் பாருங்க. அவன் கையில இல்ல, உங்க கையில."

"சரி, சரி."

"தூங்க வைக்க காது வேணும்!"

"எனக்கும் ரெண்டு இருக்கே."

"உங்க காதுல முடி இருக்கு, பயந்துக்குவான்!"

(மாமா, தாண்டவும்.) அதற்குள் கதவு மூடிவிட்டது.

அதற்கப்புறம் சில நாள் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம், காய்ச்சல் இறங்கவே இல்லையாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்காமல் விட்டாராம். உங்கள் பிள்ளையும் என்னிடம் அதை முடிக்கவில்லை. இப்போது ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். கண் விழித்ததும் அதே டாக்டர் வந்து, "மூணு சொன்ன பொண்ணு நீங்கதானா?" என்று கேட்டார். வார்டில் இப்போது எனக்குப் பெயரே 'மூணு'தான். 'மூணு'க்குச் சூப் கொடுங்க, 'மூணு'க்கு ஊசி போடுங்க என்கிறார்கள்.

சின்னக் குழந்தைகளை இந்த வார்டுக்குள் விடுவதில்லை. நான் வாண்டைப் பார்க்கவே இல்லை. வீடியோவில் காட்டச் சொன்னால், "வேணாம், உன்னப் பாத்தா அழுவான். இப்போ மறந்து நல்லா இருக்கான்" என்கிறார் உங்கள் பிள்ளை. காலையில் கண் விழித்ததும் என் ஃபோனில் ஒரு படம் வந்திருக்கும்: வாண்டு தூங்குகிறான். வாயைத் திறந்துகொண்டு, கன்னம் தலையணையில் அழுந்தி, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாத தூக்கம். கீழே ஒரு வரி: 'ராத்திரி முழுக்க எழுந்திருக்கவே இல்ல.' முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாளும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் தையல் இழுத்தது. ஒன்றரை வருஷமாக என் காதைத் திருகித் திருகித் தோடே போடமுடியாமல் பண்ணிவிட்டு, நாலே நாளில் காதே வேண்டாம் என்று தூங்குகிறானே! உங்களிடம் மறைப்பானேன், ஊசி போட வந்தவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டிப் பெருமையாகச் சொல்லிவிட்டு, அவர்கள் போனதும் போர்வைக்குள் அழுதேன்.

உங்கள் பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். பேரன் அப்படித் தூங்கினால் இவருக்கும் நல்ல ஓய்வுதான். ஆனாலும் என்னைப் பார்க்க வந்து உட்கார்ந்ததும், நான் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் நாற்காலியிலேயே குறட்டை விடுகிறார். வீட்டிலும் தூக்கம், இங்கேயும் தூக்கம். நேற்று சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டிக்கொண்டு வந்தார். இடது காது ரத்தச் சிவப்பாக வீங்கியிருக்கிறது. எந்நேரமும் ஃபோனைக் காதில் வைத்து ஆபீசோடு பேசினால் அப்படித்தான் ஆகும். பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போதாவது ஆபீசை இறக்கி வைக்கக்கூடாதா? (மாமா, இதைத் தாண்டாதீர்கள், சத்தமாகவே படியுங்கள்.)

டிஸ்சார்ஜ் ஆனாலும் சில வாரங்களுக்குத் தண்ணீர்க் கூஜாவுக்கு மேல் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வாண்டைத் தூக்குகிற பேச்சே இல்லை. ஆபரேஷன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு, 'நான் வரட்டுமா' என்று தினமும் கேட்பதாக உங்கள் பிள்ளை சொன்னார். வேண்டாம், அத்தை. பாஸ்போர்ட்டை உள்ளே வையுங்கள். இத்தனை தூரம், இத்தனை செலவு, உங்கள் முழங்கால் வேறு. "குழந்தைக்கு நீ இல்லாம இருக்க முடியும்டி, உனக்குத்தான் அவன் இல்லாம முடியாது" என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி. அவன் என்னைத் தேடவே இல்லை. உங்கள் பிள்ளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறார், குழந்தை வேளைக்குத் தூங்குகிறது, இங்கே யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

மாமா வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளவேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் எங்கள் பக்கம் இருக்கட்டும். முக்கியமாக வலது பக்கம், கொஞ்சம் கீழே.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அனுப்பவிருந்த நேரத்தில் குருவிக்குரல் நர்ஸ் வந்தார். வழக்கம்போல் இன்றைய படத்தைக் காட்டினேன். நான் பார்ப்பது குழந்தையின் முகத்தை மட்டும்தான், அவர் விரலால் படத்தைப் பெரிசு பண்ணி, "அட, கன்னத்துக்குக் கீழ இது என்ன, யானையா?" என்றார்.

யானைதான், அத்தை. தும்பிக்கையில் நீங்கள் போட்ட சிவப்புத் தையலோடு. நம் வீட்டு அலமாரி மேல் இருக்கிற யானை. பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். காலையில் வந்த அத்தனையும் நானே நம் வீட்டில் எடுத்து, அவர் ஆபீசில் இருக்கும்போது பெருமைக்காக அனுப்பிவைத்த படங்கள்! மருந்து மயக்கத்தில் நான் எடுத்த படமே எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் உங்கள் பிள்ளை வந்ததும், உட்கார விடாமல் கேட்டேன். "வாண்டு தூங்குதா?"

"ஓ."

"யானை எப்படி இருக்கு?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ இங்க மயங்கிக் கிடந்தப்போ, அவன் அங்க 'ம்மா, ம்மா'ன்னு கதவப் பாத்து அழறான்னு எப்படிடி சொல்வேன்?" தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் நடக்கிறாராம். கீழே இறக்கினால் அழுகையாம். கீழ்வீட்டு அம்மா ஒருமணி நேரம் பிடித்துக்கொள்கிறபோது மட்டும் இங்கே ஓடி வருகிறாராம், தூங்க. உங்கள் பேரன் இவர் காதைப் பிடிப்பானாம், இழுப்பானாம், இது அம்மா காது இல்லை என்று தெரிந்ததும் நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து அழுவானாம். அந்தக் காதைத் தொட்டேன். "ஸ்ஸ்" என்று துள்ளினார்.

"பத்துக்கு எத்தனை?" என்றேன்.

"மூணு" என்றார்.

இந்தக் குடும்பத்தில் மூணு என்றால் எவ்வளவு என்று எனக்கு இப்போது தெரியும், அத்தை. மேலே வர வேண்டாம் என்று எழுதியதையெல்லாம் மாமா அழித்துவிடட்டும். உடனே கிளம்பி வாருங்கள். யானையைக் கொண்டுவாருங்கள். பெட்டியில் இடம் இல்லையென்றால், மருந்தை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.