மேஜரின் நன்னடத்தைச் சான்று

நாயைச் சங்கிலியில் கட்டி வைப்பது காட்டுமிராண்டித்தனம் என்ற விஷயம் 1967-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில்தான் திண்டிவனத்துக்குத் தெரிய வந்தது. அதுவரை ஊரில் எல்லாரும் நாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

கிராம உபகரண அபிவிருத்தி இலாகா என்று ஓர் இலாகா. என்ன உபகரணம், அது எப்படி அபிவிருத்தி ஆகும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. இலாகாவிலேயே யாரும் கேட்டதில்லை. ஆபீசும் குவார்ட்டர்ஸும் ஒரே காம்பவுண்டில். வாட்ச்மேன் வேலை மூன்று வருஷமாகக் காலி. ஆள் போடச் சொல்லி எழுதினால், 'வாட்ச்மேன் ஏன் தேவை என்பதற்கு வாட்ச்மேனிடமே அறிக்கை வாங்கி அனுப்பவும்' என்று விழுப்புரம் மேலாபீசிலிருந்து பதில் வந்தது. ஆகவே அதிகாரி சீனுவாசன் தம்முடைய நாய் மேஜரை, மறு உத்தரவு வரும்வரை, தற்காலிக வாட்ச்மேனாக நியமித்து உத்தரவு போட்டிருந்தார். மேஜர் அல்சேஷன் ஜாதி என்று சீனுவாசன் சொல்வார். பியூன் பூமாலை வேறு மாதிரி சொல்வான், ஆனால் ரொம்ப மெதுவாக.

அதிகாரி வீட்டுக்கும் கிளார்க் விருத்தாசலம் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அதில் நாலைந்து இடத்தில் ஓட்டை. விருத்தாசலத்தின் பெண்சாதி ராஜாமணி விழுப்புரத்தில் கன்னிமாடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இருபத்திரண்டு வயது. அவளுக்கு ஆங்கிலம் வரும், தையல் வரும், பயமும் நன்றாக வரும். குழந்தை தையல்நாயகிக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. நன்றாக நடக்கப் பழகி, எந்தப் பக்கம் போகக் கூடாதோ அந்தப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தாள். மேஜரின் சங்கிலி வேலிக்கு ஒரு முழம் முன்னால் முடிந்தது. அந்த ஒரு முழத்தை நம்பித்தான் ராஜாமணி சோறு தின்றாள்.

அந்த ஒரு முழத்துக்குத்தான் ஆபத்து வந்தது. சீனுவாசனின் மனைவி ஏதோ சீமைப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்துவிட்டாள். அமெரிக்காவில் நாய்க்குச் சங்கிலியே கிடையாதாம். கழுத்தில் பாட்டரி வைத்த பட்டை. எஜமானர் கையில் ஒரு பெட்டி. நாய் தப்புச் செய்தால் பெட்டியில் பொத்தானை அமுக்க வேண்டியது, கழுத்தில் சுருக்கென்று கரண்ட் அடிக்க வேண்டியது, நாய் திருந்த வேண்டியது. படத்தில் அந்த நாய் சிரித்துக்கொண்டிருந்தது. சங்கிலியைப் பார்க்கவே தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள்.

கோட்டகுப்பம் மீரா சாகிப் கப்பல் சாமான் விற்கிறவர். யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன அப்படிப்பட்ட பட்டை ஒன்று அவரிடம் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் தற்காலிக வாட்ச்மேனுக்கு வாங்குவதால், இலாகா விதிப்படி மூன்று சாமான்களைப் பார்த்து அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரூல் தெரியாத ஊரிலா வியாபாரம் பண்ணுகிறோம் என்று மீரா சாகிப் மின்சாரப் பட்டையோடு ஒரு மாட்டுச் சலங்கைப் பட்டையையும், பெண்பிள்ளைகள் இடுப்பில் போடும் பெல்ட் ஒன்றையும் மேஜைமேல் பரப்பினார். ஆபீசின் கொள்முதல் கமிட்டி ஒரு மணி நேரம் பரிசீலித்தது. சலங்கைப் பட்டை: சத்தம் நன்று, மின்சாரம் இல்லை. பெல்ட்: தோற்றம் நன்று, மின்சாரம் இல்லை. கடும் போட்டிக்குப் பின் மூன்றாவது சாமான் தேர்வாயிற்று.

அதோடு வந்த விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆபீசில் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் மேலாபீசுக்குக் கடிதம் எழுதும் ஆங்கிலம். இது வேறு ஆங்கிலம். ஆகவே விருத்தாசலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ராஜாமணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதினாள். நாய்க்குப் போடுமுன் எஜமானர் தம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டையின் உட்புறம் இருக்கும் இரண்டு தகடுகளும் தோலில் பட வேண்டும். தப்புச் செய்யும் அந்தக் கணத்தில் அமுக்க வேண்டும், பிறகு அமுக்கினால் நாய்க்கு எதற்கென்று புரியாது. இந்த மூன்றின் கீழும் அவள் இரண்டு கோடு போட்டாள். குழந்தையின் உயிர் அந்தக் கோட்டில் இருக்கிறது என்று நினைத்தாள்.

இலாகா மூன்றையும் தவறாமல் நிறைவேற்றியது.

எஜமானர் தம் கையில் வைத்துப் பார்க்கும் அதிகாரத்தைச் சீனுவாசன் ஹெட்கிளார்க் சுப்பராயலுவுக்கு வழங்கினார். சுப்பராயலு அதை விருத்தாசலத்துக்கு வழங்கினார். விருத்தாசலம் பூமாலைக்கு வழங்கினான். பூமாலை சுற்றுமுற்றும் பார்த்தான். தனக்குக் கீழே யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதற்கப்புறம் மூன்று நாள் இடது கையால்தான் சலாம் போட்டான். பட்டை நல்ல நிலையில் உள்ளது என்று குறிப்பு எழுதப்பட்டது.

அடுத்தது, சர்க்கார் சாமானுக்கு ஸ்டாக் நம்பர் எழுத வேண்டும். உலோகம் உள்ள சாமானில் உலோகத்தின் மேல்தான் எழுத வேண்டும் என்பது விதி. பட்டையில் உலோகம் இருந்தது உட்புறத்துத் தகடு இரண்டிலும்தான். ஸ்டோர்கீப்பர் இப்ராஹிம் ஷா விதியை மீறாதவர். இரண்டு தகட்டுக்கும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்து, காயவைத்து, ஒன்றில் 47 என்றும் மற்றதில் 67 என்றும் கறுப்பில் அழகாக எழுதினார். பிறகு பட்டையை மேஜர் கழுத்தில் மாட்டினார்கள்.

மறுநாளே மேஜர் போஸ்ட்மேன் கண்ணையனின் கெண்டைக்காலைப் பிடித்தது. சீனுவாசன் பெட்டியைத் தூக்கினார். சுப்பராயலு குறுக்கே வந்து நின்றார்.

"சார், விளக்கம் கேக்காம தண்டனை குடுத்தா நாளைக்கு ஆர்டரே நிக்காது. அது தற்காலிக வாட்ச்மேன் சார்."

சார்ஜ் மெமோ தயாரானது. நாய்க்கூண்டில் ஒட்டப்பட்டது. பதினைந்து நாள் அவகாசம். மேஜர் அதன் ஒரு மூலையைத் தின்றதே தவிர எழுத்துமூலமாக எதுவும் தரவில்லை. பதினாறாம் நாள், அது பால் குடித்துக்கொண்டிருந்தபோது, ஆபீஸ் முழுக்கச் சூழ்ந்து நிற்க, சீனுவாசன் பொத்தானை அமுக்கினார். மேஜர் பால் குடித்தது. மறுபடி அமுக்கினார். மேஜர் தட்டை நக்கியது.

சுப்பராயலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷ சர்வீசில், தண்டனையை இப்படி முனகாமல் ஏற்றுக்கொண்ட ஒரு சிப்பந்தியை அவர் பார்த்ததில்லை. அன்று மாலையே நன்னடத்தைச் சான்று டைப் ஆயிற்று. திருந்தியவனுக்குச் சங்கிலி எதற்கு? அது கழற்றப்பட்டு ஸ்டோரில் ஒப்படைக்கப்பட்டது.

ராஜாமணிக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் காலை, குழந்தை கையில் முறுக்கோடு வேலியோரம் நின்றாள். மேஜர் ஓட்டை வழியாக வந்தது. ராஜாமணி கையில் இருந்த ஈரத் துணியோடு ஓடினாள். அந்தப் பக்கம் சீனுவாசன் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கியது அவளுக்குத் தெரிந்தது. மேஜர் சாவகாசமாகக் குழந்தையின் கவுன் விளிம்பைப் பிடித்துக் கிழித்தது, முறுக்கைப் பிடுங்கியது, அங்கேயே நின்று தின்றது. கழுத்துப்பட்டை தளர்ந்து திரும்பித் தொங்கியது. குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டபோதுதான் ராஜாமணி அந்த நம்பர்களைப் பார்த்தாள்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் அதிகாரியோடு நேருக்கு நேர் பேசாதவள் அன்று வேலியைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"சார், தகட்டு மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. அதுல கரண்ட் எப்படிப் பாயும்?"

"அது பெயின்ட் இல்லைம்மா. ஸ்டாக் நம்பர்."

"அதைச் சுரண்டிட்டா வேலை செய்யும் சார்."

"செய்யும். ஆனா நம்பர் இல்லாம, எந்தப் பட்டை வேலை செய்யுதுன்னு ஆடிட்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அப்ப சங்கிலியாவது போடுங்க சார். கொழந்தை இருக்கிற எடம்."

சீனுவாசன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "நன்னடத்தைச் சான்று வாங்கினவனைக் கட்டிப்போட ரூல்ல எடமே இல்லைம்மா. உங்க வீட்டுக்காரருக்கே அது இன்னும் வரலை, தெரியுமில்ல?"

அவள் மேலாபீசுக்கு மனு எழுதினாள். இரண்டு மாதம் கழித்து விழுப்புரத்திலிருந்து ஜீப்பில் விசாரணை அதிகாரி வந்தார். மேஜர் மர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது, குறிப்பு எழுதினார். குழந்தை தையல்நாயகி அவருடைய ஃபைல் நாடாவைப் பிடித்து இழுத்து, தராததற்கு வீறிட்டு அழுதாள், அதையும் எழுதினார். உத்தரவு இப்படி வந்தது:

'சம்பவத்தில் சம்பந்தப்பட்ட இரு தரப்பில், நாய் முறைப்படி பயிற்சி பெற்றுச் சான்றும் பெற்றுள்ளது. குழந்தை எவ்விதப் பயிற்சியும் பெற்றதாகத் தெரியவில்லை. ஆகவே பயிற்சி பெறாத தரப்பே சம்பவத்துக்குப் பொறுப்பாகிறது. குழந்தைக்கு உடனே பயிற்சி அளித்துச் சான்று பெறவும். சான்று இல்லாத குழந்தைக்கு நேரும் எதற்கும் இலாகா பொறுப்பல்ல.'

ராஜாமணி இரண்டு நாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் திட்டினாள். மூன்றாம் நாள் கடைசி வரியை மறுபடி படித்தாள். சான்று இல்லாத குழந்தைக்குப் பொறுப்பல்ல என்றால், சான்று உள்ள குழந்தைக்குப் பொறுப்பு என்றுதானே அர்த்தம்? இத்தனை மாதத்தில் அவள் குழந்தையைப் பற்றி எழுத்தில் ஒருவர் சொன்ன ஒரே ஆறுதல் அதுதான். அவள் குழந்தைக்குப் பயிற்சி கொடுத்தாள். வா என்றால் வர வேண்டும். உட்கார் என்றால் உட்கார வேண்டும். வாசலைத் தாண்டக் கூடாது. முறுக்கை வீட்டுக்குள்ளேயே தின்ன வேண்டும். பதினைந்தாம் நாள் சுப்பராயலு வந்து பரீட்சை வைத்து, மேஜருக்கு அடுத்தபடி இவள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ராஜாமணி சான்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அதைப் பார்த்துவிட்டு ஹெட்கிளார்க் மனைவி வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போய்ப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். ஊரார் வீட்டுப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்குச் சொந்தப் பிள்ளை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டாள். ஒரு மாதத்துக்குள் குவார்ட்டர்ஸில் பதினோரு குழந்தைகளுக்கும் சான்று வந்துவிட்டது. சட்டம் போடாத வீடு இல்லை. பயிற்சி பெற்ற குழந்தைகள் எல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தன. மேஜர் காம்பவுண்டெங்கும் உலாவியது. ஒரு குழந்தையைக்கூடக் கடிக்கவில்லை. திட்டம் முழு வெற்றி என்று அறிக்கை விழுப்புரம் போயிற்று.

தை மாதம் ஒரு நாள், அவித்த மல்லாட்டைக் கடலை விற்கிற முனியம்மாள், தலையில் கூடையும் இடுப்பில் கைக்குழந்தையுமாகக் காம்பவுண்டுக்குள் வந்தாள். மேஜர் உறுமிக்கொண்டு எழுந்தது. ராஜாமணி ஜன்னலில் நின்றிருந்தாள்.

"இன்னாம்மா இது, நாயை அவுத்து உட்டுக்கினு உக்காந்துக்கினு கீறீங்க?" என்றாள் முனியம்மாள். "கட்டிப் போடக் கூடாதா?"

"அது பயிற்சி பெற்ற நாய்" என்றாள் ராஜாமணி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "உன் கொழந்தைக்குச் சர்ட்டிபிகேட் இருக்குதா?"

முனியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, கல் எடுக்கிறவள்போல லேசாகக் குனிந்தாள். கல் எடுக்கவில்லை, அங்கே கல்லே இல்லை. மேஜர் வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு ஓடி, சீனுவாசனின் ஜீப்புக்கு அடியில் புகுந்து, ஊளையிட்டது.

"பயிற்சி" என்று சொல்லிவிட்டு முனியம்மாள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

ராஜாமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே கூடத்துச் சுவரில் மாட்டிய சான்றைத் திரும்பிப் பார்த்தாள். தண்டனைக்கே முனகாத நாய் குனிந்ததற்கு ஊளையிட்டது என்று வெளியே தெரிந்தால் அதன் சான்று ரத்தாகும். அது ரத்தானால், அதே கையெழுத்தில், அதற்கு அடுத்தபடி என்று எழுதி வாங்கிய தையல்நாயகியின் சான்று என்ன ஆகும்? சான்று போனால் குழந்தைக்கு யார் பொறுப்பு? அவள் கதவைச் சாத்தினாள். காகிதமும் பேனாவும் எடுத்தாள். சான்று பெறாத குழந்தையோடு வந்த, சான்று பெறாத ஒரு பெண், கடமையில் இருந்த ஒரு சிப்பந்தியை மிரட்டினாள் என்று சுத்தமான ஆங்கிலத்தில் எழுதினாள். ஒரு பிழை கிடையாது.

அந்த இலாகாவில் வந்த அன்றே உத்தரவான முதல் மனு அதுதான். உத்தரவு காம்பவுண்டு வாசலில் தமிழில் ஒட்டப்பட்டது. பதினோரு குழந்தைகளின் வீட்டாரும் வந்து படித்தார்கள், நியாயம்தான் என்று தலையாட்டினார்கள்.

'இன்று முதல் இந்த இலாகாவின் எல்லைக்குள் யாரும் எக்காரணம் கொண்டும் குனியக் கூடாது. மேலதிகாரிகளின் முன்னிலையில் குனிவது இதில் சேராது.'